அமெரிக்கக் கவுண்டிகளின் பழைய கல்யாணப் பதிவுகளில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி: “அமெரிக்காவில் 150, 200 வருஷத்துக்கு முந்தைய கவுண்டி கல்யாணப் பதிவுகளைக்கூடக் காப்பகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்களாமே? பேரும் தேதியும் தவிர அதில் என்ன இருக்கப் போகிறது? வம்சாவளி தேடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கு உபயோகம்?”

பேரும் தேதியும்தான் அதில் ரொம்பச் சப்பென்ற பகுதி. மற்றதைப் படித்தால் பொழுது போவதே தெரியாது.

நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன். ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய கையெழுத்து ஆவணங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுக்கும் தன்னார்வ வேலை சில காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்குப் புரிந்தது இது: இந்தத் தாள்களில் கல்யாணச் சேதி கொஞ்சம்தான், “இவர்களைக் கல்யாணம் செய்துகொள்ள விடலாமா?” என்று அரசாங்கம் நடத்திய விசாரணைதான் அதிகம். படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறதோ, அந்தக் காலத்து ஆட்களுக்கு அதைப் பற்றி ஒரு கவலை இருந்திருக்கிறது.

முதலில் கவுண்டி என்றால் என்ன? மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அதன் அலுவலகம் எப்படி என்றால், நம்ம ஊர் தாலுகா ஆபீஸ், சார்பதிவாளர் அலுவலகம், உள்ளூர் கோர்ட் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்தக் கட்டடத்துக்குக் கோர்ட்ஹவுஸ் என்று பேர். நிலப்பத்திரம், உயில், வரிப்பட்டியல், கல்யாணத்துக்கு முன்னால் வாங்க வேண்டிய அனுமதியான கல்யாண லைசென்ஸ் எல்லாம் அங்கேதான். ஆனால் நாடு முழுக்க ஒரே முறை கிடையாது. மாசசூசெட்ஸ் போன்ற நியூ இங்கிலாந்து மாநிலங்களில் இந்த வேலை ஊர்ப் பதிவு அதிகாரியான டவுன் கிளார்க்கிடம். ஒஹாயோவில் உயில், வாரிசு விவகாரங்களைப் பார்க்கும் ப்ரோபேட் கோர்ட். பென்சில்வேனியாவில் 1885 அக்டோபரில்தான் கவுண்டி லைசென்ஸ் முறையே வந்தது. தென் கரோலினா இன்னும் மோசம், 1911 வரை லைசென்ஸே கிடையாது. அந்த மாநிலத்தில் 1870ல் நடந்த கல்யாணத்துக்குக் கவுண்டியில் தாள் இல்லை என்றால், தொலைந்துபோகவில்லை, யாரும் கேட்கவே இல்லை.

தெற்கு மாநிலங்களில் லைசென்ஸுக்கு முந்தைய காலத்து முக்கியமான தாள், கல்யாண ஜாமீன் பத்திரம். கட்டிக்கொள்ளப் போகிறவனும் கூட ஒரு ஜாமீன்தாரரும் கிளார்க் முன்னால் கையெழுத்துப் போடுவார்கள். ஜாமீன்தாரர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா, அண்ணன் அல்லது நெருங்கிய உறவு. “இந்தக் கல்யாணத்துக்குச் சட்டத் தடை எதுவும் இல்லை, இருந்தால் இவ்வளவு பணம் கட்டுகிறோம்” என்பதுதான் சாரம். பணத்தை யாரும் மேசையில் வைப்பதில்லை. முன்கல்யாணம், வயசுக் குறைவு, தகாத உறவுமுறை என்று பின்னால் ஏதாவது கிளம்பினால்தான் வம்பு. வட கரோலினாவில் 1741 முதல் 1868 வரை இந்த முறை இருந்தது.

இதற்கு நல்ல உதாரணம் ஆபிரகாம் லிங்கனின் பெற்றோர். லிங்கன் முறையான கல்யாணத்தில் பிறந்தவர் இல்லை என்று அரசியல் எதிரிகள் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் இறந்த பிறகும் அது ஓயவில்லை. அப்பா தாமஸ் லிங்கனும் அம்மா நான்சி ஹேங்க்ஸும் குடித்தனம் நடத்தியது கென்டக்கியின் ஹார்டின் கவுண்டி. லிங்கன் பிறந்ததும் அங்கேதான். அதனால் எல்லாரும் ஹார்டின் கவுண்டிப் புத்தகங்களைப் புரட்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையே ஊர் ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

வழக்கப்படி ஜாமீன் பத்திரம் எழுதுவது பெண் வீட்டார் இருக்கும் கவுண்டியில். நான்சி அப்போது இருந்தது வாஷிங்டன் கவுண்டி. அங்கே ஸ்பிரிங்ஃபீல்ட் கோர்ட்ஹவுஸில் 1878ல் தாள் அகப்பட்டது. 1806 ஜூன் 10 தேதியிட்ட பத்திரம். தாமஸ் லிங்கனும் ரிச்சர்ட் பெர்ரி என்பவரும் கையெழுத்துப் போட்டு, கென்டக்கி கவர்னருக்கு 50 பவுண்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். டாலர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் கோர்ட் ஆட்கள் பவுண்டை விடவில்லை பாருங்கள்! கூடவே ஜெஸ்ஸி ஹெட் என்ற பாதிரியார் கொடுத்த பட்டியல். தான் நடத்திவைத்த கல்யாணங்களை வரிசையாக எழுதி மொத்தமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் ஒரு வரி: தாமஸ் லிங்கன், நான்சி ஹேங்க்ஸ், 1806 ஜூன் 12. லிங்கன் இறந்து 13 வருஷம் கழித்து அவர் பெற்றோரின் கல்யாணம் நிரூபணமானது. இத்தனைக்கும் தாள் எங்கேயும் போகவில்லை, பக்கத்துக் கவுண்டியில் கட்டோடு கிடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது தாள். ஜாமீன் பத்திரமோ லைசென்ஸோ இருந்தால் கல்யாணம் நடந்தது என்று ஆகாது. லைசென்ஸ் வாங்கிவிட்டுச் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் உண்டு. நடத்திவைத்தவர் “இன்ன தேதியில் செய்துவைத்தேன்” என்று கோர்ட்ஹவுஸுக்குத் திருப்பி அனுப்பும் தாள்தான் நடந்ததற்குச் சாட்சி. குதிரையில் ஊர் ஊராகச் சுற்றிய பாதிரியார்கள் இதைக் கொடுக்க மறந்தார்கள், தாமதித்தார்கள், சட்டைப் பையிலேயே தொலைத்தார்கள். அதனால் தேதியைப் பார்க்கும்போது அது எந்தத் தாளின் தேதி என்று கேட்டுக்கொள்வது நல்லது. வம்சாவளி வலைத்தளங்களில் ஜாமீன் பத்திரத் தேதியைக் கல்யாணத் தேதியாகப் போட்டு வைத்திருப்பது சர்வசாதாரணம்.

இனி, எனக்கு எப்போதும் படிக்கக் கஷ்டமாக இருக்கும் ஒரு வகை. அடிமைகளாக இருந்தவர்களின் கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. பத்துப் பிள்ளை பெற்று நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் கோர்ட்ஹவுஸில் ஒரு வரி இருக்காது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும், 1866ல் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் இவர்களைக் கணவன் மனைவியாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது. வட கரோலினாவில் தம்பதிகள் அதிகாரி முன் வந்து, எத்தனை வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொல்லிப் பதிய வேண்டும். கட்டணம் 25 சென்ட். வர்ஜீனியாவில் அதே ஆண்டு பிப்ரவரி 27 நிலவரப்படி கவுண்டி வாரியாகப் பதிவேடு எடுத்தார்கள். எல்லாக் கவுண்டியின் ஏடும் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றை மாநில நூலகம் ஸ்கேன் செய்திருக்கிறது.

அந்த ஏட்டில் ஒரு வரியை இடமிருந்து வலமாகப் படியுங்கள். கணவன் பெயர், வயசு, பிறந்த இடம், தொழில், கடைசி எஜமான், அவர் ஊர். அதற்கப்புறம் மனைவிக்கும், தொழில் தவிர, இதே கட்டங்கள். பிறகு பிள்ளைகள், அவர்கள் வயசு, எப்போதிலிருந்து சேர்ந்து வாழ்கிறார்கள் என்ற தகவல். இரண்டு “கடைசி எஜமான்” கட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வரும். இரண்டிலும் ஒரே எஜமான் பெயர் இருந்தால் ஒரே பண்ணையில் குடும்பம். வேறு வேறாக இருந்தால், பெரும்பாலும், கணவன் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு பண்ணைக்கு நடந்துபோய் மனைவி மக்களைப் பார்த்துவிட்டு வந்த வாழ்க்கை. இதை யாரும் கதையாக எழுதி வைக்கவில்லை, ஒரு குமாஸ்தா கட்டம் நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான். 1870க்கு முன்னால் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்குப் பெயரே கிடையாது, வயசும் பாலினமும் நிறமும்தான். அதனால் பல கறுப்பினக் குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் முழுப் பெயர் முதன்முதலில் தென்படுவது இந்த ஏட்டில்தான். வம்சாவளி தேடுகிறவர்களை “பொழுதுபோகாதவர்கள்” என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

லைசென்ஸ் படிவத்தில் இருந்த நிறக் கட்டத்துக்கு வருவோம். 1924ல் வர்ஜீனியா ‘இனத் தூய்மை’ என்ற பெயரில் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் வெள்ளையரைத்தான் கட்டலாம், லைசென்ஸ் தரும் கிளார்க் இரு தரப்பின் நிறமும் சரிதானா என்று திருப்தி அடைய வேண்டும். கிளார்க்கின் பேனாதான் காவல்காரன். கரோலைன் கவுண்டியைச் சேர்ந்த வெள்ளையர் ரிச்சர்ட் லவ்விங், கறுப்பினத்தவர் மில்ட்ரெட் ஜீட்டர் இருவரும் 1958 ஜூனில் தலைநகர் வாஷிங்டனுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். சில வாரத்தில் நள்ளிரவில் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் வந்து எழுப்பினார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார்கள், இங்கே அது செல்லாது என்று சொல்லிக் கைது செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 ஜூன் 12ல் இப்படிப்பட்ட சட்டங்கள் நாடு முழுக்கச் செத்தன. கரோலைன் கவுண்டி கல்யாணப் புத்தகத்தில் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள், குற்ற வழக்குக் கட்டில் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் நம் நாட்டுக்காரர்கள் சம்பந்தப்பட்ட கதை ஒன்று உண்டு. மெக்ஸிகோ எல்லையில் இம்பீரியல் கவுண்டி. 1910களில் பஞ்சாபிலிருந்து வந்த விவசாயிகள் அங்கே பருத்தி போட்டார்கள். பெரும்பாலும் சீக்கியர்கள், கொஞ்சம் முஸ்லிம்கள். ஊர்க்காரர்களுக்கு எல்லாருமே “ஹிந்து”. 1917 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு ஊரிலிருந்து பெண் கொண்டுவர வழியில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டவும் சட்டம் குறுக்கே நின்றது. அங்கே பருத்தி எடுக்க வந்த மெக்ஸிகோ குடும்பத்துப் பெண்களைக் கட்டினார்கள். கிளார்க் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, நிறம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று தோன்றினால் இரண்டு கட்டத்திலும் “பழுப்பு” என்று எழுதி லைசென்ஸ் கொடுத்துவிடுவார். பெண் கொஞ்சம் சிவப்பாக இருந்தால் சில கிளார்க்குகள் மறுத்தார்கள், ஜோடி வேறு கவுண்டிக்கு வண்டி ஏறியது. மாநிலம் முழுக்க இப்படிக் கிட்டத்தட்ட 400 தம்பதிகள் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், அதற்கு அடிப்படையில் ஒன்று இந்தக் கவுண்டிப் பதிவுகள். கலிஃபோர்னியாவின் தடையை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1948லேயே நீக்கிவிட்டது. அந்த வழக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கிளார்க் லைசென்ஸ் மறுத்ததில் ஆரம்பித்ததுதான்.

கவுண்டி மாறிப் போவது என்றதும் மேரிலாந்தின் எல்க்டன் ஞாபகம் வருகிறது. செசில் கவுண்டியின் தலைமை ஊர். நியூயார்க், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ரயிலில் தெற்கே வந்தால் காத்திருப்பு இல்லாமல் லைசென்ஸ் கிடைக்கும் முதல் ஊர் அதுதான். ஸ்டேஷனிலேயே டாக்சிக்காரர்கள் ஜோடிகளைப் பிடித்து, லைசென்ஸ் ஆபீஸுக்கும் அங்கிருந்து பாதிரியாரிடமும் கொண்டுபோய்விட்டுக் கமிஷன் பார்த்தார்கள். 1938ல் 48 மணி நேரக் காத்திருப்பு வந்ததும் வியாபாரம் படுத்தது. ஆக, நியூயார்க் தாத்தாவின் கல்யாணத் தாள் நியூயார்க்கில் இல்லையென்றால் செசில் கவுண்டியையும் பார்க்கலாம்.

பாதுகாப்பு என்று கேட்டிருந்தீர்கள். எதிரி நெருப்புதான். 1871 சிகாகோ தீயில் குக் கவுண்டியின் பழைய பதிவுகள் போயின. வர்ஜீனியாவில் நடந்தது வயிற்றெரிச்சல். உள்நாட்டுப் போரில் கோர்ட்ஹவுஸ் எரிந்துவிடுமோ என்று பயந்து ஜேம்ஸ் சிட்டி உள்ளிட்ட சில கவுண்டிகள் தங்கள் ஏடுகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தது. அனுப்பாமல் சோம்பேறித்தனமாக இருந்த கவுண்டிகளில் பல தப்பித்தன!

இன்னொரு ஆபத்து, பாதுகாக்கிறேன் என்று செய்தது. 1930களிலிருந்து பல பத்தாண்டுகள் நைந்த தாள்களை செல்லுலோஸ் அசிடேட் படலத்துக்குள் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டினார்கள். அன்றைக்கு அது பெரிய தொழில்நுட்பம். இப்போது அந்தப் படலமே அமிலம் கக்குகிறது, புத்தகத்தைத் திறந்தால் வினிகர் வாடை. அசிட்டோனில் ஊறவைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது, செலவு எக்கச்சக்கம். வர்ஜீனியாவில் கோர்ட்களின் பதிவுக் கட்டணத்திலிருந்து சிறு பங்கு இந்தச் சீரமைப்புக்குப் போகிறது. உருப்படியான ஏற்பாடு என்பேன்.

தேடிப் பார்க்க ஆசை என்றால், ஃபேமிலி சர்ச் தளம் இலவசம். அதை நடத்தும் மார்மன் சபை அமைப்பு 1938லிருந்தே கவுண்டி கவுண்டியாக மைக்ரோஃபிலிம் எடுத்து, இப்போது அந்தச் சுருள்களை எல்லாம் டிஜிட்டலாக்கிவிட்டது. பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஜான் என்ற பெயரை அந்தக் கால கிளார்க்குகள் ஜே, என், ஓ என்று மூன்றெழுத்தில் எழுதுவார்கள், ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ மாதிரி நீண்டு கிடக்கும். பட்டியல் தயாரித்தவர் எப்படிப் படித்தாரோ அப்படித்தான் பெயர் ஏறியிருக்கும். பஞ்சாபி விவசாயிகளைத் தேடுவதாக இருந்தால் மனைவியின் ஸ்பானியப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஏனென்றால் ‘சிங்’ என்று போட்டால் பாதிக் கவுண்டியும் வந்து நிற்கும். அந்தக் கவுண்டி எந்த வருஷம் எதிலிருந்து பிரிந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிவதற்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியின் கோர்ட்ஹவுஸில்தான் இருக்கும்.