காய்ச்சலும் பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகளும்: கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு எம்.சி.ஏ.டி. குறைபாடு (கொழுப்பை எரிக்கும் ஒரு நொதி சரியாக வேலை செய்யாத பிறவி நோய்). சாதாரணச் சளிக்கே மருத்துவர் ஏன் இவ்வளவு பதறுகிறார்?

பதில்: அவர் அஞ்சுவது கிருமிக்கு அல்ல, குழந்தை சாப்பிடாமல் கிடப்பதற்கு. காய்ச்சலில் ஆற்றல் தேவை கூடும், பசி குறையும். கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்ததும் உடல் கொழுப்பை நாடும். உங்கள் மகளின் உடலால் அதை முழுமையாக எரிக்க முடியாது. மூளைக்கு மாற்று எரிபொருளான கீட்டோனும் போதாது. குளுக்கோமீட்டரில் எண் சரியாக இருக்கிறது என்று மட்டும் காத்திருக்காதீர்கள். சர்க்கரை இறங்குவது கடைசிக் கட்டம். சோர்வும் மயக்கமும் முன்பே வந்துவிடும்.

கேள்வி: தடுப்பூசி போட்டாலும் காய்ச்சல் வருமே, தவிர்க்கலாமா?

பதில்: கூடாது. உண்மையான நோய்த்தொற்று அதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஊசிக்குப் பின் அவசரகால உணவுத் திட்டத்தை (நோய் நேரத்தில் என்ன ஊட்ட வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தருவது) தயாராக வைத்திருங்கள். ஏ.டி.ஏ. நொதிக் குறைபாடு போல நோய் எதிர்ப்பு அணுக்களே அழியும் நோய்களில் மட்டும் உயிருள்ள தடுப்பூசிகள் (வலுவிழந்த உயிர்க்கிருமி கொண்டவை) ஆகாது.

கேள்வி: கிளைக்கோஜன் சேமிப்பு நோய் 1பி (கல்லீரல் தன் சர்க்கரைச் சேமிப்பை வெளிவிட முடியாத பிறவி நோய்) உள்ள என் தம்பி மகனுக்கு ஓயாமல் வாய்ப்புண், சீழ்க்கட்டி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நான் மிகவும் விரும்பிப் பேசும் கதை இது. உணவில் சிறிதளவு இருக்கும் 1,5-அன்ஹைட்ரோகுளுசிடால் என்ற பொருளைச் செல்கள் சர்க்கரை என்று தவறாக எண்ணி அதனுடன் பாஸ்பேட்டைச் சேர்த்துவிடுகின்றன. அந்தக் கழிவை அழிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் கடத்தி, 1பி நோயில் பழுதாகியிருக்கிறது. தேங்கும் கழிவு, சர்க்கரையை எரிக்கும் முதல் படியையே அடைக்கிறது. சர்க்கரையையே நம்பி வாழும் நியூட்ரோபில்கள் (கிருமிகளோடு போரிடும் வெள்ளை அணுக்கள்) மடிகின்றன. இது 2019இல் தெளிவானது. அடுத்த ஆண்டே, நீரிழிவு மருந்தான எம்பாகிளிஃப்ளோசின் அந்தப் பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி நோயாளிகளைத் தேற்றியது வெளிவந்தது. நிபுணர் மேற்பார்வை இல்லாமல் தொடங்க வேண்டாம். இந்தக் குழந்தைகளுக்குச் சர்க்கரை எளிதில் இறங்கும்.

கேள்வி: 'லங்கணம் பரம ஔஷதம்' (பட்டினியே சிறந்த மருந்து) என்பார்கள். உடலே பசியை அடக்கும்போது ஊட்டுவது இயற்கைக்கு எதிரானதல்லவா? என் மகனுக்கு யூரியா சுழற்சிக் கோளாறு (புரதக் கழிவான அமோனியாவை உடலால் சரியாக அகற்ற முடியாத நோய்).

பதில்: மற்றவர்களுக்கு ஒரு நாள் பட்டினி பெரும்பாலும் தீங்கு செய்யாது. உங்கள் மகனுக்கு அது நஞ்சு. உணவு வராவிட்டால் உடல் தன் தசையையே கரைக்கும். அந்தப் புரதத்தின் நைட்ரஜன் அமோனியாவாகி மூளையை வீங்கச் செய்யும்.

கேள்வி: நோய் வந்த நேரத்தில் புரதத்தை நிறுத்தச் சொல்வதும் நீங்கள்தானே? அதுவும் பட்டினிதான்.

பதில்: இல்லை. புரதத்தை நிறுத்தும்போது சர்க்கரைக் கரைசலால் ஆற்றலை நிரப்புகிறோம். தசையைக் காப்பதே நோக்கம். அந்த நிறுத்தமும் 24 முதல் 48 மணி நேரம்தான். நீண்டால் அவசியமான அமினோ அமிலங்கள் இல்லாமல் தசை மீண்டும் கரையும். இதில் பழமொழியை அளவுகோலாக வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: கேலக்டோசீமியா (பாலில் உள்ள கேலக்டோஸ் சர்க்கரையை உடலால் கையாள முடியாத நோய்) உள்ள பச்சிளங்குழந்தைக்கு இரத்தத்தில் ஈ.கோலி பாக்டீரியா தொற்று. தற்செயலா?

பதில்: அல்ல. இந்த நோயில் அது நன்கு அறியப்பட்ட ஆபத்து. பாலை உடனே நிறுத்த வேண்டும்.

கேள்வி: எம்.சி.ஏ.டி. உள்ள மகனுக்குக் காய்ச்சல், ஆனால் சர்க்கரை 90. காத்திருக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். காத்திருக்காதீர்கள்.

கேள்வி: சர்க்கரைக் கரைசலை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான்.

பதில்: இதை வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் நிபுணர் எழுதித் தந்த அவசரகாலக் கடிதத்தை மருத்துவமனையில் கையில் கொடுத்து, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) உடனே நரம்பில் ஏற்ற வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.