சாவி கைக்கு வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். மலேசியா, பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பதினோரு வருஷம் ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கிச்சன் கேபினட் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தமாகப் பட்டறை போட்டேன். என்னோடு இரண்டு பையன்கள். வேலை தெரியும், ஆட்களைத்தான் எடைபோடத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது விலை கேட்கிறார்கள். போய் அளவெடுத்து, படம் வரைந்து, கொட்டேஷன் கொடுத்தால் பத்தில் ஏழு பேர் அப்புறம் பேசுவதே இல்லை. போன வாரம்கூட பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில், பாயான் லெப்பாஸில் காண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கியிருக்கும் ஓர் அக்கா, எல்லாம் பேசி முடித்த பிறகு, மார்ச்சில்தான் சாவி கிடைக்கும் என்றார். விட்டுவிட்டேன். இப்போது ஒரு குத்தகையாளர் (கட்டட காண்ட்ராக்டர்) 40 வீடுகளை மொத்தமாகச் செய்யச் சொல்கிறார். வீட்டுக்கு 9,000 வெள்ளி (ரிங்கிட்), எல்லாம் முடிந்து 60 நாளில் பணம். விட்டால் இப்படி இன்னொன்று வருமா என்று பயமாக இருக்கிறது. எது கனிந்த வேலை, எது காய் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எழுத வருவதற்கு முன்னால் நானும் கோலாலம்பூர் கெப்போங்கில் இதே வேலைதான் செய்தேன், பதினாறு வருஷம். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் பிளைவுட் தூள் வாசனையே வந்துவிட்டது.

வருகிறவர் எவ்வளவு ஆசையாகப் பேசுகிறார் என்பதை வைத்து நான் பல வருஷம் முடிவு செய்தேன். 2011இல் செராஸ் பக்கம் ஒரு காண்டோ வேலை. வீட்டுக்காரர் தங்கமான மனிதர். மூன்று முறை வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்து, தீபாவளிக்குள் குடிபோக வேண்டும் தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டார். சாவி இன்னும் வரவில்லை, மேம்பாட்டாளர் (வீட்டைக் கட்டி விற்கும் நிறுவனம்) கொடுத்த வரைபடத்தை வைத்துச் செய்யுங்கள் என்றார், செய்தேன். சாவி கிடைத்தது அடுத்த வருஷம். போய்ப் பார்த்தால் வரைபடத்தில் இல்லாத ஒரு தூண் சுவரிலிருந்து நான்கு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் அந்த அலமாரிகள் என் பட்டறையின் பின்பக்கம் ஒன்பது மாதம் அட்டை சுற்றியபடி கிடந்து, மழைத் தண்ணீர் உள்ளே வந்ததில் அடிப்பலகை பிஸ்கட் மாதிரி ஊறிப் பொரிந்துவிட்டது. அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவருடைய ஆசை உண்மையானது, ஆனால் அவருடைய வீடு தயாராக இல்லை. அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

அதற்குப் பிறகு, ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்னால் தானாக என்னென்ன செய்து முடித்திருக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன். முதல் கேள்வி சாவி. தரை வீடென்றால் ஒப்பந்தம் போட்டதிலிருந்து 24 மாதம், அடுக்குமாடியென்றால் 36 மாதம் என்பது வழக்கமான கணக்கு, அது தள்ளிப்போவதும் உண்டு. சாவி வந்துவிட்டது என்றால் அடுத்த கேள்வி, குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? புது வீட்டில் சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியவரும் குறைகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், எழுதிக் கொடுத்தால் 30 நாளில் செய்ய வேண்டும். சமையலறைச் சுவரில் ஈரம் கசிகிற வீட்டில் நீங்கள் அலமாரியை அறைந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் கசிவு யாரால் வந்தது என்ற சண்டையில் உங்களையும் இழுப்பார்கள். அப்புறம் மேனேஜ்மெண்ட் ஆபீசில் உள்வேலைக்கான ரினோவேஷன் டிபாசிட் கட்டியாயிற்றா என்பது. ரசீதைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறவர் கனிந்துவிட்டார்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்த அடையாளம் இது. மேடையில் பதிக்கிற அடுப்பையும் சிங்கையும் வாங்கிவிட்டாரா? அடுப்புக்கு மாடல் தெரியாமல் கல்லை வெட்ட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல விலையைச் சொல்லுங்க' என்கிறவர் நான்கு இடத்தில் விலை வாங்கி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அதிலும் தவறில்லை, அவருக்கு அடி கணக்கில் உத்தேச விலையை வாட்ஸ்அப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாலம் தாண்டிப் போய் அளவெடுக்க வேண்டாம், படம் வரையவே வேண்டாம்.

சமைக்கப்போகிறவர் இல்லாத நேரத்தில் அளவெடுக்காதீர்கள், அது அம்மாவோ மனைவியோ கணவனோ யாராக இருந்தாலும் சரி. செந்தூலில் ஒரு அம்மா, நான் டேப்பை எடுப்பதற்கு முன்னாலேயே, பொங்கலுக்குப் பயன்படுத்துகிற பெரிய அண்டாவைத் தூக்கிவந்து வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து, இதை முதலில் அளந்துகொள், இது சிங்குக்குக் கீழே போக வேண்டும் என்றார். அப்புறம் கையை மேலே தூக்கி, என் கை இவ்வளவுதான் எட்டும், மிளகாய்த்தூள் டப்பா இதற்கு மேலே போகக் கூடாது என்று சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். அந்த வேலையில் ஒரு திருத்தம்கூட வரவில்லை.

அளவெடுக்க 100 வெள்ளி வாங்கிக்கொண்டு பில்லில் கழிக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். செய்யலாம், பத்தில் ஐந்து பேர் அதிலேயே கழன்றுகொள்வார்கள். ஆனால் தெரிந்தவர் சொல்லி வருகிறவரிடமும் வயதானவர்களிடமும் நான் வாங்கியதில்லை, நீங்களும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இப்போது அந்த 40 வீடுகள். இங்கே குத்தகையாளர் தயாரா என்று பார்ப்பதோடு நீங்கள் தயாரா என்றும் பார்க்க வேண்டும். மொத்தம் 3,60,000 வெள்ளி. அதில் பாதி பலகைக்கும் கல்லுக்கும் கீலுக்கும் போகும் என்று வைத்தால் 1,80,000. மூன்று பேர் வாரத்துக்கு இரண்டு வீடு முடித்தாலும் 20 வாரம். அதன் மேல் 60 நாள். ஏறக்குறைய ஏழு மாதம் பையன்களின் சம்பளம், கடை வாடகை, லோரி எண்ணெய் எல்லாம் உங்கள் கையிலிருந்து. நடுவில் சீனப் பெருநாள் வந்தால் பலகைக் கடைகளும் மூடிவிடும். அந்தப் பணம் உங்களிடம் இருக்கிறதா? மனைவியின் நகையை வைத்துச் செய்வதாக இருந்தால் வேண்டாம் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன்.

பணம் ஓரளவு இருந்தாலும் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனங்களைப் பதிவு செய்கிற எஸ்எஸ்எம்மில் அந்தக் குத்தகையாளர் நிறுவனத்தின் விவரத்தை இணையத்திலேயே சில வெள்ளிக்கு வாங்கலாம். இயக்குநர்கள் யார், செலுத்திய மூலதனம் எவ்வளவு, சொத்தின் மேல் அடமானம் இருக்கிறதா என்று அதில் தெரியும். 'செண்டிரியான் பெர்ஹாட்' (பிரைவேட் லிமிடெட்) என்ற பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், ஒரு வெள்ளி மூலதனத்தில்கூட அதைப் பதிவு செய்யலாம். பிறகு நேரில் போய், முதலில் நான்கு வீடு செய்கிறேன், அதற்குப் பணம் வந்ததும் அடுத்த ஆறு என்று சொல்லுங்கள். பலகைக் கடைக்கு அவரே நேரடியாகப் பணம் கட்டட்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். வேலை கையில் இருக்கிற குத்தகையாளருக்கு ஆள் தேவை, அவர் பேரம் பேசுவார். 'மேலே இருந்து எனக்குப் பணம் வந்தால்தான் உனக்கு' என்று எழுதச் சொன்னால், 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த, கட்டுமான வேலைப் பணத்தை வாங்கித் தருவதற்கான சிப்பா சட்டம் அந்த நிபந்தனையைச் செல்லாது என்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பணம் வாங்க வேண்டுமானால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள். நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தில் தான் குடியிருக்கத் தன் வீட்டுக்கு வேலை கொடுக்கிறவரிடம் இந்தச் சட்டம் எடுபடாது, அங்கே முன்பணம்தான் உங்கள் காப்பு. நான்கு வீடு என்றதும் அவர் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த நான்கு வீட்டுக்குக்கூட உடனே காசு தர முடியாதவர் நாற்பதுக்கு எங்கே போவார்?

கடைசியாக அந்த மார்ச் அக்கா. அவரை விட்டது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்களிடம் விலை கேட்டவர்களில் தேதி சொன்னவர் அவர் ஒருவர்தானே. இன்றைக்கே கூப்பிட்டு, சாவி வாங்குகிற அன்று நானும் வருகிறேன் அக்கா, சமையலறையில் என்னென்ன குறை எழுதிக் கொடுக்கணும்னு பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம் என்று சொல்லுங்கள். போகும்போது ஒரு டார்ச் லைட்டும் டேப்பும் எடுத்துப் போங்கள், சிங்க் வரப்போகிற இடத்தில் தண்ணீர்க் குழாயை அரை மணி நேரம் திறந்துவிட்டு, கீழே கசிகிறதா என்று பாருங்கள். குத்தகையாளர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்