மலை இறங்கும்வரை ஆக்ஸிஜன் வைக்கலாமா?

ஏற்காடு நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அப்பாவுக்கு 68 வயது, பீடிப் பழக்கம் உண்டு. போன மாதம் வாய் ஒரு பக்கமாகக் கோணி, அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. மறுபடி ஸ்ட்ரோக் வந்தால், கொரோனா சமயத்தில் வாங்கிய சிலிண்டரைச் சேலம் போகும்வரை வைக்கலாமா? மூளை அடைப்பை எடுக்க முழு மயக்கம் கொடுத்தால் ஆள் எழுந்திருக்கவே மாட்டார் என்கிறார்களே, நிஜமா?”

முதலில் சிலிண்டரை விடுங்கள். வாய் கோணித் தானாகச் சரியானது வாயுக்கோளாறு இல்லை, குட்டி ஸ்ட்ரோக். பெரியது வரும் ஆபத்து அடுத்த சில நாட்களில்தான் மிக அதிகம். ஒரு மாதம் தப்பியிருக்கிறீர்கள். நாளைக்கே அவரைக் கீழே கூட்டிவந்து தலை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், இசிஜி எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, ஆக்ஸிஜனுக்கு வருவோம். அடைப்பால் வரும் ஸ்ட்ரோக்கில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதில்லை, ரத்தம்தான் போய்ச் சேர்வதில்லை. மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலும் வாய்க்காலில் மண் சரிந்து கிடந்தால் வயல் காயத்தான் செய்யும். பிரிட்டனில் 8,003 நோயாளிகளை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் வழக்கமாக ஆக்ஸிஜன் வைத்ததால் உயிரிழப்போ ஊனமோ குறையவில்லை. அதனால் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் மட்டும் கொடுப்பதுதான் இப்போதைய வழக்கம். 2025-ல் வந்த ஒரு சீன ஆய்வு, அடைப்பை எடுக்கப்போகிறவர்களுக்கு 4 மணி நேரம் அதிக ஆக்ஸிஜன் கொடுத்ததில் பலன் கண்டது. ஆனால் அது மருத்துவமனைக்குள், ஸ்கேன் பார்த்து, ஆள் தேர்ந்தெடுத்துச் செய்தது. காரின் பின் சீட்டில் செய்வதற்கு அதைச் சான்றாக எடுக்க முடியாது.

இன்னொன்று, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே ஆக்ஸிமீட்டர் சேலத்தைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைத்துக் காட்டினால் பதற வேண்டாம். குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும் தப்பாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பீடியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு 88 முதல் 92 போதும். அவர்களுக்குச் சிலிண்டரை முழுசாகத் திறந்துவிட்டால் கரியமில வாயு ஏறி மயங்கிவிடலாம்.

ரெகுலேட்டர் ஸ்பேனரைத் தேடும் பத்து நிமிடம்தான் எனக்குப் பயம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. தொடை வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பதற்கு 6 மணி நேரம். ஸ்கேன் சாதகமாக இருந்தால் சிலருக்கு 24 மணி வரைகூட. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வளைவில் வாந்தி வரலாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் போடக்கூடாது. ஆஸ்பிரின் கூடாது, ரத்தக்கசிவாக இருந்தால் வினையாகிவிடும். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று பிரஷர் மாத்திரையும் வேண்டாம். அடைப்பைச் சுற்றியுள்ள சின்னக் குழாய்கள் வழியாக மூளைக்குக் கொஞ்சமாவது ரத்தத்தைத் தள்ளுவது அந்தப் பிரஷர்தான்.

மயக்க மருந்து பற்றிய பயத்துக்கும் இந்தப் பிரஷர்தான் வேர், மயக்கத்தில் அது சரியலாம். முழு மயக்கம் கொடுத்தவர்கள் மோசமானார்கள் என்று பழைய கணக்குகள் காட்டியது உண்மை. ஆனால் வாந்தி எடுத்தவர், நினைவு தப்பியவர் என்று ஏற்கெனவே மோசமாக இருந்தவர்களுக்குத்தான் அன்று முழு மயக்கம் கொடுத்தார்கள். முழு மயக்கம், லேசான தூக்க மருந்து என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த மூன்று ஐரோப்பிய ஆய்வுகள் 2016 முதல் 2018-க்குள் வந்தன. அவற்றின் 368 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, முழு மயக்கம் பெற்றவர்களின் ஊனம் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. பின்னால் வந்த பிரெஞ்சு ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

நான் மயக்க மருந்து டாக்டர், என் பிழைப்பே இதுதான். அதனால் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள். லேசான தூக்க மருந்தில் கை காலை அசைக்கச் சொல்லிப் பார்க்கலாம், நேரமும் மிச்சம். ஆனால் இடப்பக்க மூளை அடைத்தவருக்கு நாம் சொல்வதே புரியாமல் போகலாம். தலையை அசைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி ரத்தக்குழாயைக் குத்திவிடலாம். முழு மயக்கத்தில் ஆள் அசையமாட்டார், மூச்சுக்குழாயும் பத்திரம். ஆபத்து, மயக்க ஊசி போட்டவுடன் பிரஷர் சரிவதில்தான். பலூனை வேகமாக அமுக்கிச் சுவாசம் கொடுத்தால் கரியமில வாயு இறங்கி மூளைக் குழாய்கள் சுருங்கும், அது இன்னொரு தப்பு. இரண்டையும் கண்ணை எடுக்காமல் பார்க்க ஒருவர் இருந்தால் எந்த மயக்கமானாலும் சரி. முடிந்தபின் கண் விழிக்கத் தாமதமானால் பெரும்பாலும் காரணம் ஸ்ட்ரோக்தான், என் ஊசி இல்லை.

ஆகவே கையெழுத்துப் போடும்போது “முழுசா, பாதியா” என்று தகராறு வேண்டாம். “பிரஷரை எவ்வளவில் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள்?” என்று கேளுங்கள். எங்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது: அப்பா கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, எப்போது சாப்பிட்டார், ரத்தம் உறையாத மாத்திரை உண்டா, கட்டுப்பல் உண்டா, குறட்டை உண்டா. ஒரு தாளில் எழுதி அவருடைய ஆதார் அட்டையோடு வைத்துவிடுங்கள்.