உமிச்சாம்பலில் மீசோபோரஸ் சிலிக்கா: மில்லிலேயே செய்யலாமா?

கேள்வி: பரந்தன் பக்கம் சிறிய நெல் மில் வைத்திருக்கிறேன். நெல் அவிக்கும் அடுப்புக்கு உமிதான் போடுகிறோம். சாம்பல் குவிந்து கிடக்கிறது. அதிலிருந்து மீசோபோரஸ் சிலிக்கா செய்யலாம், அது வெக்கையைக் கடத்தாது என்று கேள்விப்பட்டேன். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே போட உதவுமா ஐயா?

பதில்: தம்பி, மீசோபோரஸ் சிலிக்கா என்றால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள்தான். அதைச் சாம்பலில் இருந்து செய்யலாம். ஆனால் உங்கள் கூரைக்கு அது வேண்டாம்.

100 கிலோ நெல்லில் உமி ஏறக்குறைய 20 கிலோ, அது எரிந்தால் சாம்பல் 4 கிலோ. நன்றாக எரிந்த சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். அது எந்தச் சிலிக்கா என்பதை உங்கள் அடுப்பு தீர்மானிக்கிறது. 700 பாகை செல்சியசைத் தாண்டாமல் எரிந்தால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத, கோஸ்டிக் சோடா போன்ற காரத்தில் எளிதில் கரையும் சிலிக்கா கிடைக்கும். சூடு அதற்கு மேல் போகப் போக அது கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறத் தொடங்கும். படிகம் இலகுவில் கரையாது, தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். மில் அடுப்பில் சூடு இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரே குவியலில் இரண்டும் கலந்திருக்கலாம். அதனால் காய்ந்த சாம்பலை வெறும் மூக்கோடு சலிக்காதீர்கள், தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

செய்முறை இதுதான். சாம்பலைக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்க வைத்து வடித்தால் சிலிக்கா கரைந்த நீர், அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசல், கிடைக்கும். (ஆனையிறவு உப்பில் இருந்து உங்கள் பரந்தனிலேயே கோஸ்டிக் சோடா செய்த காலம் ஒன்று இருந்தது. நினைத்தால் மனம் கனக்கிறது.) அலுமினியச் சட்டி வேண்டாம், காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். பிறகு அதில் சீடாப் என்ற சோப்பு வகைப் பொருளைக் கரைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிந்திருந்த கரைசல் பால் போலக் கலங்கி, ஆறிய கஞ்சி மாதிரித் திரளும். சோப்பு மூலக்கூறுகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்து நிற்க, அவற்றைச் சுற்றிச் சிலிக்கா சுவர் எழுப்பும். அதை மூடிய கலத்தில் 100 பாகையில் ஒரு நாள் வைத்து, கழுவி, காயவிட்டு, 550 பாகையில் ஐந்தாறு மணி நேரம் சுட்டால் சோப்பு எரிந்துபோய்த் துளைகள் மிஞ்சும். 1992இல் மொபில் எண்ணெய்க் கம்பனியின் ஆய்வாளர்கள் அறிவித்த எம்சிஎம்-41 இந்த வகைதான். அதன் ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களை விரித்தால் ஏறக்குறைய 1000 சதுர மீற்றர், அதாவது கால் ஏக்கர்!

அது வெப்பத்தைத் தடுப்பதும் இந்தத் துளைகளால்தான். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் முட்டுமுன் 70 நானோமீற்றர் (ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) வரை ஓடும். இங்கே துளையின் அகலமே 3 நானோமீற்றர் அளவு. அதனால் அது சுவரில்தான் முட்டித் திரியும், சூட்டை அடுத்த மூலக்கூறுக்குக் கொடுக்க வழியில்லை. ஆனால் தூளாகக் கொட்டினால் தூளின் துணிக்கைகளுக்கு இடையில் பெரிய வெளிகள் வந்துவிடும், அங்கே காற்று வழமைபோலச் சூட்டைக் கடத்தும். மாரியில் துளைகள் ஈரத்தை இழுக்கும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கொதிநீரில் எம்சிஎம்-41இன் சுவரே இடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் விலை கூடிய சீடாப்பை எரித்துத் தீர்க்கவும் வேண்டும்.

தகரத்தில் இருந்து இறங்கும் வெக்கையில் பெரும்பங்கு கதிர்வீச்சு. மேலே வெள்ளைப் பெயின்ற், கீழே நாலு விரல் இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் நிலத்தைப் பார்க்க அலுமினியத் தாள், முகட்டில் காற்றுப் போக வழி. செலவும் குறைவு, பலனும் நிச்சயம்.

சாம்பலை வீசிவிடாதீர்கள். குவியலின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்து, தனித்தனிப் பைகளில் பெயர் எழுதி, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில், படிகம் இருக்கிறதா என்று காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனைக்கு வழி கேளுங்கள். வரைபடத்தில் கூர்முனைகள் இல்லாமல் ஒரு மேடு மட்டும் தெரிந்தால் அது படிகமாகாத, எளிதில் கரையும் சிலிக்கா; அந்தச் சாம்பலை வேறாகச் சேர்த்து வையுங்கள்.