கனவு பைக்கா, அன்றாட பைக்கா? திங்கள்கிழமைக் காலையை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: வயது 38. பள்ளி நாளிலிருந்தே சுசூகி ஹயபூசா என்ற அதிவேக பைக் மேல் பைத்தியம். பல வருடங்களாக ஓட்டுவது ஒரு 150 சி.சி. பைக். அதை விற்றுவிட்டு ஒரே ஒரு பைக் வாங்கப் பணம் சேர்ந்திருக்கிறது. தினமும் அலுவலகம் போக 22 கி.மீ., வர 22 கி.மீ. பெரும்பகுதி நெரிசல்தான். அவ்வப்போது மனைவியுடன் நீண்ட பயணம் போவேன். ஹோண்டா ஹைனஸ் சிபி350 போதும் என்கிறார்கள் நண்பர்கள். அது எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அதை வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க ஏங்கிக்கொண்டே இருப்பேனோ என்று பயம். எதை வாங்கலாம்?

பதில்: உங்களிடம் இருக்கப்போவது ஒரே பைக் என்றால் ஹயபூசா வேண்டாம். அதற்காக சிபி350 வாங்கிவிட்டு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பிடிக்காமல் வாங்கிய சிக்கனமான பைக்கை இரண்டு வருடத்தில் நஷ்டத்துக்கு விற்றவர்கள் ஏராளம். அந்தக் கணக்கில் சிக்கனம் எங்கே இருக்கிறது?

இந்த இரண்டு பைக்கையும் சுவரொட்டியில் பார்க்காமல் உங்கள் திங்கள்கிழமைக் காலையில் நிறுத்திப் பாருங்கள். வாரம் ஐந்து நாள், நாளுக்கு 44 கி.மீ. என்றால் வருடத்துக்குச் சுமார் 11,000 கி.மீ. ஆகிறது. அதில் பெரும்பகுதி 60 கி.மீ. வேகத்துக்கும் கீழே. நீங்கள் பைக்குடன் வாழப்போகும் இடம் அதுதான். நீண்ட பயணமெல்லாம் அதற்கு மேல் வருகிற விருந்து.

இப்போதைய ஹயபூசா 2021-ல் வந்தது. 1,340 சி.சி., நான்கு சிலிண்டர், 190 பி.எஸ். (குதிரைத்திறன் போன்ற அளவு) சக்தி. முதல் கியரிலேயே 120 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். கேட்க இனிமையாக இருக்கிறது அல்லவா? நெரிசலில் தொல்லை தருவதும் இதேதான். முதல் கியரே அவ்வளவு நீளம் என்றால், நடக்கும் வேகத்தில் வண்டிகளுக்கு நடுவே ஊர்ந்து போக அந்தக் கியர் பொருந்தாது. கிளட்சை முழுசாக விடவும் முடியாது, முழுசாகப் பிடிக்கவும் முடியாது, பாதியில் வைத்துக்கொண்டே நகர வேண்டும். இடது கை வலிக்கும், கிளட்ச் தேயும். சிபி350-இல் இருப்பது ஒரே சிலிண்டர், 348 சி.சி., சக்தி 21 பி.எஸ்.தான். ஆனால் அதன் 30 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் இழுவை) நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே வந்துவிடும். 30 கி.மீ. வேகத்திலும் திணறாமல் இழுத்துப் போகலாம். காகிதத்தில் ஒன்பது மடங்கு சக்தி குறைந்த பைக் உங்கள் பாதையில் அதிகம் உதவுவதன் காரணம் இது.

அடுத்தது எடை. இரண்டின் சீட் உயரமும் ஒன்றுதான், 800 மி.மீ. ஷோரூமில் ஏறி உட்கார்ந்து, "கால் எட்டுகிறதே" என்று திருப்தியோடு இறங்கிவிடுவார்கள். கால் எட்டுவது வேறு, தாங்குவது வேறு. பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து ஹயபூசா 264 கிலோ, சிபி350 181 கிலோ. நடுவில் 83 கிலோ. பின்னால் ஒரு ஆள் இறங்காமல் உட்கார்ந்திருக்க, நீங்கள் வண்டியைத் தள்ளுவதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது இந்த எடை தெரியாது, பெரிய பைக்குகளின் மாயமே அதுதான். பார்க்கிங்கில் சரிவை நோக்கி மூக்கை விட்டு நிறுத்திவிட்டு, மாலையில் பின்னுக்கு இழுக்கும்போது தெரியும். சிறு கல்லில் கால் வழுக்கி ஐந்து டிகிரி சாயும்போது தெரியும். புதிதாகப் பெரிய பைக் வாங்கியவர்கள் முதலில் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல. நின்ற இடத்தில், அல்லது யூ டர்னில். தாழ்வான ஹேண்டில்பார் உள்ள ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டிலை அதிகம் திருப்பவும் முடியாது, எனவே யூ டர்னுக்குச் சாலையின் அகலம் முழுக்கத் தேவைப்படும்.

உட்காரும் விதத்தையும் சொல்ல வேண்டும். முன்னால் குனிந்து ஓட்டும் பைக்கில் உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்று மார்பில் மோதி அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். அந்த பைக் வடிவமைக்கப்பட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். 20 கி.மீ. வேகத்தில் காற்று உதவிக்கு வராது. கூடவே சிக்னலில் ரேடியேட்டர் விசிறி சுழன்று முழங்காலில் அனலை ஊதும்.

இனி செலவு. வாங்கும் விலையை எல்லோரும் பார்ப்பார்கள், ஓட்டும் செலவைத்தான் மறப்பார்கள். ஹயபூசா லிட்டருக்குச் சுமார் 15 கி.மீ. தரும், நெரிசலில் அதற்கும் கீழே போகலாம். சிபி350 சுமார் 35 கி.மீ. உங்கள் 11,000 கி.மீ.க்கு ஒன்று 730 லிட்டர் பெட்ரோல் கேட்கும், மற்றது 315 லிட்டர். ஆனால் பெட்ரோலைவிடப் பெரிய அடி டயரில் விழும். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் டயர் மென்மையான ரப்பர். வளைவில் சாய்ந்து பிடித்துக்கொள்வதற்காகச் செய்தது அது. அதை நேர்ச் சாலையில் தினமும் தேய்த்தால் நடுப்பகுதி தட்டையாகி 6,000 முதல் 8,000 கி.மீ.யில் மாற்ற வேண்டியிருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு வருடம் ஒரு டயருக்கு மேல். சர்வீஸிலும் இதே கதை. ஒன்றில் 16 வால்வு, மற்றதில் 2. நான்கு சிலிண்டர் எஞ்சினில் வால்வு இடைவெளியைப் பார்க்கவே டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் கழற்ற வேண்டும். கூலி அதில்தான் ஏறும். இன்சூரன்ஸ் பற்றி தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் விசாரித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "இதெல்லாம் எனக்கும் தெரியும், ஆனாலும் வேண்டும்" என்று உங்களுக்குத் தோன்றலாம். அது நியாயம்தான். மோட்டார் சைக்கிளை யாரும் கணக்குப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. ஆகவே கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஆசையையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஹயபூசாவில் உங்களுக்குப் பிடித்தது எது? வேகமா? 1999-ல் முதல் ஹயபூசா 300 கி.மீ.யைத் தாண்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது உண்மைதான். அதன்பின் பெரிய பைக் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒரு பேச்சுக்கு வந்து 299 கி.மீ.யில் வேகத்தை மின்னணுவில் கட்டிப்போட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வேகத்தை எந்தப் பொதுச்சாலையிலும் தொட முடியாது, தொடவும் கூடாது. வேகம்தான் ஆசை என்றால், அதற்கான இடம் ரேஸ் டிராக். பயிற்சி நாட்களில் வாடகைக்கு பைக் கிடைக்கும் டிராக்குகள் உண்டு. வருடத்தில் இரண்டு நாள் அங்கே போனால், சாலையில் பத்து வருடம் ஓட்டினாலும் கிடைக்காதது கிடைக்கும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினின் அந்த ஓலமா? அது ஹயபூசாவுக்கு மட்டும் சொந்தமல்ல. ஹோண்டா சிபி650ஆர் 649 சி.சி.யில் நான்கு சிலிண்டர் கொண்டது. எடையும் சக்தியும் மனிதர் தினமும் கையாளக்கூடிய அளவு. வடிவமா, பெயரா, நான்கு பேர் நின்று பார்ப்பதா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த இன்பம் பைக் நிற்கும்போதுதான் அதிகம் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். அல்லது பெரிய பைக்கில் நீண்ட தூரம் அசராமல் போவதா? அப்படியென்றால் நடுத்தர இரட்டை சிலிண்டர் பைக்குகள் உங்களுக்கென்றே இருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 (648 சி.சி., 47 குதிரைத்திறன்) நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் பைக். சுசூகியே வேண்டும் என்றால் ஜிஎஸ்எக்ஸ்-8ஆர்: 776 சி.சி., 83 பி.எஸ்., 205 கிலோ. 264 கிலோவுக்கும் 205 கிலோவுக்கும் பார்க்கிங்கில் எவ்வளவு வித்தியாசம் என்பது தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

நடுவில் ஒன்றை வாங்குவதிலும் ஆபத்து இருக்கிறது. ஏக்கத்துக்கும் கணக்குக்கும் பாதி பாதி கொடுத்து வாங்கிய பைக், சில சமயம் இரண்டையும் தீர்க்காது. எனவே 650 வகையை "சமரசம்" என்று எண்ணி வாங்காதீர்கள். அதை ஓட்டிவிட்டு இறங்கும்போது திரும்பிப் பார்க்கத் தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

எப்படி முடிவு செய்வது? ஷோரூம் தரும் பத்து நிமிட டெஸ்ட் ரைடு போதாது. அந்தப் பத்து நிமிடத்தில் கனவு பைக்தான் எப்போதும் ஜெயிக்கும், மணிக்கட்டு வலி இருபதாவது நிமிடத்தில்தானே வரும்! வாடகைக்கோ நண்பரிடமோ ஒரு வேலை நாளுக்கு எடுங்கள். உங்கள் அலுவலக நேரத்தில், உங்கள் பாதையில், போகவும் வரவும் ஓட்டுங்கள். வழியில் ஒரு முழு யூ டர்ன் போடுங்கள். லேசான சரிவை நோக்கி மூக்கை விட்டு நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு மனைவியை உட்காரச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்துக்கு அல்ல, ஒரு மணி நேரத்துக்கு. ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின்சீட் சிறியது, கால் வைக்கும் இடம் உயரம், முழங்கால் மடங்கியே இருக்கும். நீண்ட பயணத்தில் பாதி அவருடையது என்றால், முடிவிலும் பாதி அவருடையதுதான்.

உங்கள் 150 சி.சி. அனுபவம் குறைவானதல்ல, நெரிசலைப் படிக்கக் கற்றுத்தந்தது அதுதான். ஆனால் அதிலிருந்து ஒரே தாவலில் 190 பி.எஸ்.ஸுக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். புதிய ஹயபூசாவில் பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோலும், வளைவில் வேலை செய்யும் ஏபிஎஸ்ஸும், சக்தியைக் குறைத்துக்கொள்ளும் மோடுகளும் உள்ளன. அவை கைத்தவறைக் கொஞ்சம் மன்னிக்கும். தவறான வேகத்தில் வளைவுக்குள் போவதை அவற்றால் மன்னிக்க முடியாது.

என் தீர்ப்பு மாறக்கூடிய சூழல்களும் உண்டு. அலுவலகத்துக்கு ரயிலிலோ காரிலோ போக வழியிருந்து, பைக் விடுமுறை நாளுக்கு மட்டும் என்றால், மேலே சொன்ன ஆட்சேபங்களில் பெரும்பாலானவை விழுந்துவிடும். பாதை திறந்த நெடுஞ்சாலையாக இருந்தாலும் அப்படித்தான். இரண்டாவது பைக்குக்கு இடமும் பணமும் பின்னால் வரும் என்றாலும் சரி: இன்று சிபி350 அல்லது 650, பிறகு ஹயபூசா. ஒரேயடியாகத் தள்ளிப்போடுவதை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன். குனிந்து ஓட்டும் பைக்குக்கு மணிக்கட்டும் இடுப்பும் ஒத்துழைக்க வேண்டும், அவை வயதோடு பேரம் பேசும். "ஓய்வுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று இந்த வகை பைக்கை வைத்துக்கொள்ளக் கூடாது. நாற்பதுகளின் நடுவுக்குள் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வாங்குவது பழைய வண்டியாக இருக்கலாம். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் விலை முதல் சில வருடங்களில் வேகமாக இறங்கும். வாங்கும் விலைதான் இறங்கும், பராமரிக்கும் செலவு புது வண்டியின் அளவிலேயே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். குறைந்த கி.மீ. ஓடிய வண்டியைக் கண்டு மயங்காதீர்கள். நிறுத்தியே வைத்த பைக்குக்கும் நோய் வரும். பேட்டரி இறங்கும், பெட்ரோல் கெடும், பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் (ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும்). டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ன் 23-ஆம் வாரம் செய்த டயர். டயரின் பட்டன் (மேற்பரப்பின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடத்துக்கு மேல் ஆன டயரை மாற்றும் செலவைப் பேரத்தில் கழித்துவிடுங்கள். ஹேண்டில் நுனி, கிளட்ச் லீவர் முனை, ஃபுட்பெக், எஞ்சின் கவர் ஆகியவற்றில் உரசல் இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது. நின்ற இடத்தில் விழுந்ததா, ஓடும்போது விழுந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்போதைக்கு, வாங்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் பைக்கைத் தேடுங்கள். சிபி350-யும் ஒரு 650-யும் வாடகைக்கு எடுத்து, அடுத்தடுத்த இரண்டு திங்கள்கிழமைகளில் அலுவலகம் போய் வாருங்கள். மூன்றாவது திங்கள்கிழமை எந்தச் சாவியை எடுக்கக் கை போகிறதோ, அதற்கு முன்பணம் கட்டுங்கள்.