‘மினரல் மேக்கப்’புக்கு 7,000 ரூபாய் கூடுதலா? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஆவணி கடைசியில் கல்யாணம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முகத்தில் எதைப் பூசினாலும் ஆகாது. மறுநாள் கன்னம் சிவந்து, இமை வீங்கி, இரண்டு மூன்று நாள் அரித்துக்கொண்டே இருக்கும். மேக்கப் போட வரும் பெண், “மினரல் மேக்கப் போட்டுவிடுகிறேன், அதில் கெமிக்கலே கிடையாது, தோலுக்கு ஒன்றும் ஆகாது” என்கிறார். அதற்கு 7,000 ரூபாய் கூடுதல். நம்பலாமா? டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துப் பார்க்கலாம் என்றால் ஒரு பெயரும் வாயில் நுழையவில்லை. — ராஜபாளையத்திலிருந்து ஒரு தாய்

பதில்: பணத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் அம்மா. முதலில் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

மினரல் மேக்கப் கெட்டது என்று சொல்ல வரவில்லை. உங்கள் மகளின் தோலுக்கு அது ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்தான். ஆனால் ‘மினரல்’ என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் எந்த டப்பாவிலும் அச்சடிக்கலாம். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (அலர்ஜி தர வாய்ப்பு குறைவு என்று பொருள்) என்பதும் இதே ஜாதிதான். அமெரிக்காவில் 1975இல் அந்தச் சொல்லைப் போட வேண்டுமென்றால் சோதனை செய்து நிரூபிக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவந்தது. அழகுப் பொருள் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1977இல் நீதிமன்றம் அந்த விதியையே தள்ளிவிட்டது. அங்கேயே கதை அப்படி. ‘தோல் மருத்துவர் சோதித்தது’ என்றும் சிலர் போடுவார்கள். சோதித்தார், சரி. சோதித்துவிட்டு என்ன சொன்னார் என்று டப்பாவில் இருக்காது.

‘கெமிக்கலே கிடையாது’ என்பது சுத்தப் பொய். மினரல் பவுடர் என்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு, மைக்கா (நம் ஊரில் காக்காப்பொன் என்பார்களே, அது), அப்புறம் நிறத்துக்கு இரும்பு ஆக்ஸைடுகள். இவை கெமிக்கல் இல்லாமல் வேறென்ன? அதிலும் இரும்பு ஆக்ஸைடை ஆலையில்தான் தயாரிக்கிறார்கள். மண்ணிலிருந்து அப்படியே எடுத்தால் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்து வரலாம் என்பதால் அப்படித் தயாரிப்பதுதான் நமக்கு நல்லது. இன்னொன்று, இதே பொடிகள்தான் உங்கள் தெருமுனைக் கடையில் விற்கும் சாதாரண ஃபவுண்டேஷனிலும் நிறம் கொடுக்கின்றன.

பிறகு எதில்தான் லாபம்? உலர்ந்த பொடியில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி சுலபத்தில் வளராது. அதனால் கெடாமல் வைக்கும் மருந்து அதிகம் தேவைப்படாது. நல்ல தயாரிப்பாளர் என்றால் வாசனையும் சேர்க்க மாட்டார். ஒப்பனைப் பொருளால் வரும் அலர்ஜிக்கு முக்கியக் காரணங்கள் இந்த இரண்டும்தான்: வாசனையும் கெடாமல் வைக்கும் மருந்தும். ‘மினரல் லிக்விட் ஃபவுண்டேஷன்’ என்று ட்யூபில் வந்தால் உள்ளே தண்ணீர் வந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. அப்போது அதற்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கல்யாண மேக்கப்பில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வெறும் பொடியைப் பூசிவிட்டு மேடையில் உட்கார வைக்க மாட்டார்கள். முதலில் பிரைமர், பிறகு கன்சீலர், பொடிக்கு மேல் செட்டிங் ஸ்பிரே, பொய் இமைக்குப் பசை, லிப்ஸ்டிக், ஐலைனர். பத்துப் பன்னிரண்டு பொருளில் ஒன்றே ஒன்று மினரலாக இருந்தால் முகம் முழுக்க மினரல் ஆகிவிடுமா? அந்தப் பெண்ணிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: “எத்தனை பொருள் போடுவீர்கள், ஒவ்வொன்றின் அட்டைப்பெட்டியையும் பார்க்கலாமா?”

இப்போது படிக்கும் முறை. பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அதிகத்திலிருந்து குறைவு வரை வரிசையாகப் போட வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் போடலாம். அலர்ஜி தரும் சரக்கு பெரும்பாலும் அந்த வாலில்தான் இருக்கும், ஆகவே பட்டியலைக் கடைசியிலிருந்து மேலே படியுங்கள். கடைசியில் ‘சி.ஐ.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஐந்து இலக்க எண்களும் வரும். அவை நிறங்கள். 77 என்று தொடங்கினால் கனிம நிறம்: 77891 டைட்டானியம், 77491, 77492, 77499 மூன்றும் இரும்பு. இவற்றால் தொந்தரவு அபூர்வம். மினரல் என்று சொல்லிவிற்கும் பிளஷில் 75470 என்று இருந்தால் அது கார்மைன். ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு, கனிமமே இல்லை. சிலருக்கு அலர்ஜியும் தரும்.

77163 என்ற எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு. இது அசல் கனிம வகைதான், பொய்யில்லை. முத்துப் போன்ற மினுமினுப்பு தரும் என்பதால் மினரல் பவுடர்களில் தாராளமாகப் போடுவார்கள். சிலருக்கு இதைப் பூசி வியர்த்தால் ஊசி குத்துவதுபோல அரிக்கும். ஆவணி வெயிலில், ஹோம குண்டத்துக்கு முன்னால், பட்டுப்புடவையில் உட்காரப்போகும் பெண்ணுக்கு இந்தப் பரீட்சை வேண்டாம்.

நிற எண்களுக்கு மேலே வாசனை. ஃப்ராக்ரன்ஸ், பர்ஃபம், அரோமா என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இருந்தால் அந்த டப்பாவை மூடிவிடுங்கள். லினலூல், லிமோனீன், ஜெரானியால் என்றிருந்தாலும் வாசனைதான். ‘இயற்கை’ என்று கூவி விற்பவற்றில் லாவெண்டர் எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய், சந்தன எண்ணெய் எல்லாம் லத்தீன் பெயரில் ஒளிந்திருக்கும். செடியிலிருந்து வந்ததால் தோல் மன்னித்துவிடாது.

கெடாமல் வைக்கும் மருந்துகளில் இரண்டைச் சொல்கிறேன். ‘தயசோலினோன்’ என்று முடியும் பெயர் எதுவும் வேண்டாம். முகத்தில் பூசி அப்படியே விடும் பொருள்களில் அந்த வகையில் முக்கியமானதை ஐரோப்பா 2017இல் தடுத்துவிட்டது. அடுத்து, ‘டிஎம்டிஎம் ஹைடான்டாய்ன்’. இது ஃபார்மால்டிஹைடு என்ற அலர்ஜி தரும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதே நேரம் ‘பாரபென் இல்லை’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். பாரபெனும் கெடாமல் வைக்கும் மருந்துதான். அலர்ஜி விஷயத்தில் அது பாவம், சாதுவான பொருள். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2019இல் அதற்கு ‘அலர்ஜி தராத பொருள்’ என்று வேடிக்கையாகப் பட்டமே கொடுத்தது. ஊருக்குப் பயந்து அதை எடுத்துவிட்டுச் சிலர் அந்த இடத்தில் வைத்ததுதான் நான் மேலே சொன்ன தயசோலினோன்.

இத்தனையும் சொல்லிவிட்டேன். நீங்கள் டப்பாவைத் திருப்பினால் பட்டியலே இல்லாமல் இருக்கலாம்! நம் விதிகள் அப்படி. 30 கிராமுக்குக் குறைவான திடப் பொருளுக்கும் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் பட்டியல் போட வேண்டியதில்லை. லிப்ஸ்டிக் 4 கிராம். காம்பாக்ட் 10 கிராம். ஃபவுண்டேஷன் பெரும்பாலும் 30 மில்லி. கண்ணிலும் உதட்டிலும் படுகிற பொருள் எல்லாம் விலக்கில் போய்விட்டது, ஷாம்பு பாட்டிலுக்கு மட்டும் விதி. இதை எழுதியவர் வீட்டில் யாருக்கும் இமை வீங்கியதில்லை போலிருக்கிறது. பொறுப்புள்ள நிறுவனங்கள் சட்டம் கேட்காவிட்டாலும் பெட்டியிலோ தங்கள் இணையதளத்திலோ பட்டியல் தருகின்றன. எங்குமே தராத பொருளை வாங்காதீர்கள்.

அப்புறம் சில்லறை டப்பா. பெரிய டப்பாவிலிருந்து சின்ன வெள்ளை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு வந்து, “வெளிநாட்டு மினரல், ஒரிஜினல்” என்பார்கள். இன்ஸ்டாகிராமில் விற்பவர்களிலும் இப்படி உண்டு. வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் மேலே இருக்க வேண்டும். உள்நாட்டுப் பொருள் என்றால் உற்பத்தி உரிம எண். இரண்டும் இல்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

இனி உங்கள் மகளைப் பற்றி. பூசியவுடன் எரிந்து, கழுவியதும் அடங்கினால் அது வெறும் எரிச்சல். நீங்கள் சொல்வதுபோல மறுநாள் கிளம்பி இரண்டு மூன்று நாள் அரித்தால் அலர்ஜியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால்தான் பார்லரில் காதுக்குப் பின்னால் பத்து நிமிடம் தடவிப் பார்ப்பது உங்களுக்குப் பயன்படாது. பொருளை வாங்கி, முழங்கை உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலையும் இரவும், ஏழு நாள் தடவுங்கள். நடுவில் அரித்தால் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி இடம். கையில் தேறியது இமையிலும் தேறும் என்று உறுதி கிடையாது. இமைத் தோல் மிக மெல்லியது. ஆகவே கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு முழு மேக்கப்பும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இமை வீங்குவதற்குக் காரணம் இமையில் பூசியதாக இல்லாமலும் இருக்கலாம். நகப்பூச்சு போட்ட விரலால் கண்ணைத் தேய்த்தாலும் வரும், தலைச் சாயத்தாலும் வரும். கல்யாணத்துக்கென்று முடிக்குக் கலர் அடிக்கும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். உடனே கறுக்கும் மருதாணிக் கோனும் வேண்டாம், பலவற்றில் அதே சாயம்தான். நலங்குக்கு வாசனைச் சந்தனப் பாக்கெட் முகத்தில் வேண்டாம். கையிலும் காலிலும் வைத்து முடித்துக்கொள்ளலாம்.

எது ஆகவில்லை என்று உறுதியாகத் தெரிய பேட்ச் டெஸ்ட் செய்ய வேண்டும். சந்தேகப்படும் பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி 48 மணி நேரம் விட்டு எடுப்பார்கள், அதற்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். உங்கள் டப்பாக்களையும் எடுத்துப்போங்கள். எல்லா ஊரிலும் கிடைக்காது, அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் விசாரியுங்கள். இதற்குப் பதிலாக ‘நூறு பொருளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை’ என்று லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார். அது பார்ப்பது வேறு வகை அலர்ஜியை. மேக்கப் அலர்ஜி அதில் தெரியாது. கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்று ஒரு தாள் கையில் வரும், பெண் கல்யாணம் வரை ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன எதுவும் பொருந்தாத ஒரு நிலைமை உண்டு. மகளை அம்மாவாக அதட்டாமல், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: முகத்துக்கு ஏதாவது ஆயின்மெண்ட் தடவுகிறாளா? பருவுக்கு, மங்குக்கு, நிறத்துக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, பார்லரில் ‘நைட் க்ரீம்’ என்று கொடுத்தது, தோழி கொடுத்தது, எதுவானாலும். ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவிய சில நாளில் முகம் பளபளக்கும். சில மாதத்தில் தோல் மெலிந்து, வெயில் பட்டால் சிவக்கும், எதைப் பூசினாலும் எரியும். ‘எனக்கு சென்சிடிவ் ஸ்கின் டாக்டர்’ என்று வந்து உட்காருகிற பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்த சென்சிடிவ் பிறவியில் வந்ததில்லை, ட்யூபில் வந்தது. சின்ன வயதிலிருந்தே தொந்தரவு என்பதால் உங்கள் மகளுக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆனால் அப்படிப்பட்ட தோல் உள்ளவர்கள்தான் நிவாரணம் தேடி இதில் அதிகம் மாட்டுகிறார்கள். 2018இல் இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கினார்கள். நீங்களே ஒரு கடையில் கேட்டுப் பாருங்கள், சீட்டு கேட்கிறாரா, சில்லறை கேட்கிறாரா என்று.

தடவுகிறாள் என்று தெரிந்தால் அன்றே பிடுங்கித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து கொதித்து, பருவும் கிளம்பும். அந்தப் பயத்தில் மறுபடி தடவுவாள். எப்படிக் குறைப்பது என்று தோல் மருத்துவர் சொல்ல வேண்டும், முகம் தேற மாதக்கணக்காகும். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்பதால் இந்த வாரமே போய்விடுங்கள், ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு. அந்த நிலையில் எந்த மினரலும் காப்பாற்றாது. அன்றைக்கு என்ன போடலாம், எதை விடலாம் என்று அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு இல்லையென்றால் முழங்கைச் சோதனையை நாளைக்கே தொடங்கலாம். மேக்கப் பெண் பெட்டிகளைக் காட்ட மறுத்தால் பொருள்களை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பிரஷும் ஸ்பாஞ்சும் உட்பட. 7,000 ரூபாயில் அதெல்லாம் வாங்கலாம்.