பள்ளி இருக்கிறது, வறுமையும் இருக்கிறது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வளரும் நாடுகளின் கிராமப்புற வறுமையைக் குறைக்கக் கல்வியைப் போல உறுதியான வழி வேறில்லை என்று சென்ற மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். வாசித்ததிலிருந்து எனக்குள் ஒரு மறுப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் வளர்ச்சித் திட்டங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன். பள்ளிக் கட்டடங்களுக்கும் பாடநூல்களுக்கும் போன பணத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கட்டடம் எழுந்திருக்கிறது, பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஆனால் அதே கிராமங்களில் அடுத்த தலைமுறையும் கூலி வேலைக்குத்தான் போகிறது. நன்றாகப் படித்தவன் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். அரைகுறையாகப் படித்தவனுக்கு வயல் வேலையில் மனம் ஒட்டுவதில்லை, வேறு வேலையும் கிடைப்பதில்லை. பெற்றோருக்குக் கடன் மிச்சம்.

அந்தப் பணத்தைப் பாசனத்துக்கோ சாலைக்கோ செலவிட்டிருந்தால் என்ன? ஏழைக் குடும்பங்களின் கையிலேயே கொடுத்திருந்தால் என்ன? நிலத்தையும் கூலியையும் பற்றிப் பேசாமல் நழுவுவதற்காகத்தான் எல்லோரும் கல்வியைப் பேசுகிறார்களோ என்றுகூடத் தோன்றுகிறது. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

கடுமை ஒன்றும் இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் கல்வியைப் புகழ்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை.

நீங்கள் தணிக்கை செய்த ஆவணங்களில் கட்டடம் இருக்கும், சேர்க்கை இருக்கும், நூல்களின் எண்ணிக்கை இருக்கும். அந்தப் பிள்ளைகள் எதைக் கற்றார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. பள்ளிக்குப் போவதும் கற்பதும் ஒன்றல்ல என்பதை வளரும் நாடுகளின் அரசுகள் மிகத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டன. குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உள்ள நாடுகளில், 10 வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதத்தினரால் ஓர் எளிய கதையை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2019இல் கணக்கிட்டது. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்படுவதற்கு முந்தைய நிலை இது. பள்ளிக்கே போகாத பிள்ளைகளும் இந்தக் கணக்கில் உண்டு என்றாலும், இவர்களில் பெரும்பாலோர் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். ஆகவே, கல்வி கொடுத்தும் வறுமை போகவில்லை என்று நீங்கள் சொல்லும் பல இடங்களில் கல்வியே இன்னும் கொடுக்கப்படவில்லை என்பது என் பதில்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலாவி 1994இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. அதுவரை சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 30 லட்சத்தை நெருங்கியது. கட்டணம் ஏழைகளை எவ்வளவு காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நான் அந்த முடிவை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஆசிரியர்கள் அந்த வேகத்தில் பெருகவில்லை. கீழ் வகுப்புகளில் ஓர் ஆசிரியர் முன்னால் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

அப்படி ஒரு வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. முதல் ஆண்டில் எழுத்துகள் முழுவதும் பிடிபடவில்லை. அடுத்த ஆண்டு பாடநூல் வாக்கியங்களோடு தொடங்குகிறது. அதற்கடுத்த ஆண்டு கணக்குகூட வாக்கியமாக வருகிறது, ஆகவே கணக்கும் போயிற்று. ஆசிரியருக்கோ பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும். அவரைக் கேள்வி கேட்பவர்கள் எத்தனை பாடம் முடிந்தது என்றுதான் கேட்பார்கள், எத்தனை பிள்ளைக்குப் புரிந்தது என்று கேட்பதில்லை. அந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள்கிறது. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ நின்றுவிடுகிறது. படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்கிறது, வீடும் சொல்கிறது, கடைசியில் பிள்ளையே அதை நம்பிவிடுகிறது. நண்பரே, எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். ஓர் அமைப்பு செய்த தவறைத் தன் குறையாக ஏற்றுக்கொண்டு ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் நடக்கிறார். நீங்கள் அரைகுறையாகப் படித்தவன் என்று எழுதியிருப்பவர் இவர்தான்.

பாடநூல்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கென்யாவின் மேற்குப் பகுதியில் 1990களின் பிற்பாதியில் கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருளாதார அறிஞர் மைக்கேல் கிரெமரும் அந்த ஆய்வில் இருந்தார். சராசரி மதிப்பெண்ணில் ஏற்றம் இல்லை. ஏற்கனவே முன்வரிசையில் இருந்த மாணவர்களுக்கு மட்டும் பயன் இருந்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது மூன்றாவது மொழி. நல்ல நோக்கம், உண்மையான செலவு, அச்சடித்த நூல், எல்லாம் இருந்தும் பாதி வகுப்புக்கு அந்தப் பக்கங்கள் திறக்கவே இல்லை. முதல் வகுப்புகளைப் பிள்ளை பேசும் மொழியில் நடத்துங்கள் என்று கல்வியாளர்கள் மீண்டும் மீண்டும் சொல்வதை மொழிப்பற்று என்று ஒதுக்கிவிடக் கூடாது. எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில்தான் பிள்ளை வாசிக்கத் தொடங்கும்.

உங்கள் தொழில் காரணமாக உகாண்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991 முதல் 1995 வரை அந்நாட்டு அரசு பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ரிட்வா ரெய்னிக்கா, யாகோப் ஸ்வென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மீதி நடுவில் உள்ள மாவட்ட அலுவலகங்களோடு நின்றுவிட்டது. பிறகு அரசு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாள்களில் வெளியிட்டது, பள்ளிகளிலும் எழுதி ஒட்டச் சொன்னது. சில ஆண்டுகளில் சென்றடையும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. வேறு சீர்திருத்தங்களும் அப்போது நடந்தன, முழுப் பெருமையையும் செய்தித்தாளுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும், எவ்வளவு வர வேண்டும் என்று தெரிந்த பெற்றோர் நீங்கள் ஊருக்குள் போகாத நாளிலும் தணிக்கை செய்கிறார்கள்.

ஆசிரியர் வராத சிக்கலும் உங்களுக்குத் தெரிந்ததே. பங்களாதேஷ், எக்குவடோர், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய 6 நாடுகளில் சொல்லாமல் போய்ப் பார்த்ததில் சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை என்று 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. இதைச் சொன்னதும் ஆசிரியர்களைத் திட்டத் தொடங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தங்க இடமில்லாத ஊருக்கு அனுப்பி, நான்கு வகுப்புகளை ஒருவரிடமே ஒப்படைத்து, தேர்தல் வேலையும் கணக்கெடுப்பு வேலையும் ஏற்றிவிட்டு, அதன்பிறகு அவரிடம் அர்ப்பணிப்பை எதிர்பார்க்கிறோம்.

அப்படியானால் வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. வயதுக்கேற்ப வகுப்பு என்பதைத் தினமும் ஓரிரு மணி நேரம் தள்ளிவைத்துவிட்டு, யாருக்கு எழுத்துத் தெரியும், யாருக்குச் சொல் வாசிக்க வரும், யாருக்குப் பத்தி வாசிக்க வரும் என்று பிரித்து உட்கார வைத்துக் கற்பிக்கும் முறையை இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் அதைப் பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியதும் உண்டு. ஜாம்பியா உட்பட ஆப்பிரிக்க நாடுகள் சில இதை எடுத்துக்கொண்டன. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்கும் நேர்மை வேண்டும். கொலம்பியா வேறொரு வழியில் போனது. பல வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர் என்பதைக் குறையாக எண்ணாமல், அதற்கேற்ற பாட வழிகாட்டிகளை எழுதி, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் போகவும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கவும் 1970களின் நடுவில் ஒரு முறையை உருவாக்கியது. விக்கி கோல்பெர்ட் அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர். அறுவடைக்காகச் சில வாரம் போய்விட்டு வரும் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கிராமத்து வாழ்க்கையைத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு என்பது இந்த ஒன்றிலேயே தெரிகிறது.

இனி, பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுப்பது. இதைக் கல்விக்கு எதிராக ஏன் நிறுத்துகிறீர்கள்? மெக்சிகோ 1997இல் கிராமப்புறங்களில் தொடங்கிய ப்ரோகிரேசா திட்டம் இரண்டையும் சேர்த்தது. பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வந்தால் தாயின் கையில் பணம். வகுப்பு உயர உயரத் தொகையும் உயர்ந்தது, இடைநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். காரணம் எளிது. பள்ளி இலவசமாக இருந்தாலும் 12 வயதுப் பிள்ளையின் உழைப்பு இலவசமில்லை. அந்தப் பிள்ளை கொண்டுவரும் கூலியோ பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கையோ வீட்டுக் கணக்கில் உண்டு. இடைநிலைப் பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது, பெண்பிள்ளைகளிடம் அதிகமாக.

டொமினிக்கன் குடியரசில் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. எட்டாம் வகுப்பு மாணவர்கள், மேலே படித்தால் கூடக் கிடைக்கும் சம்பளத்தை உண்மையைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். உண்மையான அளவைச் சொன்னதும் கூடுதல் காலம் படித்தார்கள். ஆனால் மிக ஏழை வீட்டு மாணவர்களிடம் மாற்றமே இல்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தும் முடியவில்லை. அங்கே அறிவுரை போதாது, பணம்தான் வேண்டும்.

இதெல்லாம் சரி, வறுமை குறைந்ததா என்று கேட்பீர்கள். இந்தோனேசியா எண்ணெய் வருமானத்தைக் கொண்டு 1973 முதல் 1978 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளைக் கட்டியது. பள்ளிக்கு வராத பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே அதிகப் பள்ளிகள். 1,000 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி கூடிய இடங்களில், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது ஊதியம் 1.5 முதல் 2.7 சதவீதம் வரை உயர்ந்திருந்தது என்று டுஃப்லோ கணக்கிட்டார். அவர் பயன்படுத்திய ஊதியத் தரவு 1995ஆம் ஆண்டுடையது. பள்ளி கட்டி 20 ஆண்டுகள் கழித்து! உங்கள் மேசைக்கு வரும் திட்ட அறிக்கைகள் மூன்று ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ முடிந்துவிடுகின்றன. அந்தக் காலத்துக்குள் முதல் வகுப்புப் பிள்ளை தொடக்கப்பள்ளியைக்கூடத் தாண்டியிருக்காது.

பாசனமா பள்ளியா என்ற கேள்விக்கும் ஒரு விடை உண்டு. இந்தியாவில் பசுமைப் புரட்சிக் காலத்துத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஃபாஸ்டரும் ரோசன்ஸ்வைகும், புதிய விதைகள் நன்றாக விளைந்த பகுதிகளில்தான் தொடக்கக் கல்வியின் பலன் உயர்ந்தது என்று 1996இல் எழுதினார்கள். தாத்தா செய்த விவசாயத்தை அப்படியே செய்வதற்குப் பள்ளிப் படிப்பு பெரிதாக உதவாது. விதை மாறும்போது, உரத்தின் அளவும் நீர் விடும் நாளும் மாறும்போது, வாசித்துப் புரிந்து கணக்குப் போடத் தெரிந்தவர் முந்துகிறார். ஆக, நீர் வராத ஊரில் பள்ளி மட்டும் கட்டினால் பலன் குறையும். பள்ளி இல்லாத ஊருக்கு நீர் வந்தால், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் வலு ஏற்கனவே படித்தவர்களிடம், பெரும்பாலும் வசதியானவர்களிடம்தான் இருக்கும். ஒன்றுக்காக இன்னொன்றை வெட்டச் சொல்லும் திட்ட அதிகாரியை நீங்கள் நம்பாதீர்கள்.

படித்தவன் ஊரைவிட்டுப் போவதை இழப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறு நிலத்தைப் பலர் பங்குபோட்டு உழும் ஊரிலிருந்து ஒருவர் வெளியே போய் அனுப்பும் பணம், மற்றவர்களின் கடனை அடைக்கிறது. வாசிக்கத் தெரியாமல் போனவரும் போகத்தான் செய்கிறார், கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும், முன்பணம் வாங்கிய கடனாளியாக. படிப்பு அவருக்குக் கொடுத்திருக்கக்கூடியது, எந்த நிபந்தனையில் போகிறோம் என்று தெரிந்து போகும் உரிமை. ஊரிலேயே இருக்கும் பெரும்பான்மைக்குப் பள்ளி என்ன கொடுக்கிறது என்பதுதான் இதைவிடக் கடினமான கேள்வி. டான்சானியாவின் அதிபர் ஜூலியஸ் நைரேரே 1967இல் இதை நேராகக் கேட்டார். தொடக்கப்பள்ளி முழுவதும் மேல்நிலைக்குப் போகும் சிலருக்கான தேர்வுப் பயிற்சியாக இருந்தால், போகாத பலர் தோற்றவர்களாகவே வெளியே வருகிறார்கள் என்பது அவர் கவலை. அவர் ஆட்சியின் பல முடிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அந்தக் கவலை இன்றும் பொருந்துகிறது.

கடைசியாக நிலமும் கூலியும். அவற்றைப் பேசாமல் நழுவுவதற்குக் கல்வியைப் பயன்படுத்துபவர்கள் உண்டு, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. தென்கொரியாவைக் கல்வியால் முன்னேறிய நாடாக எல்லோரும் காட்டுகிறார்கள். அங்கே 1950 வாக்கில் நிலம் குத்தகைதாரர்களின் கைக்கு மாறியது என்பதையும், தொடக்கக் கல்வி எல்லோரையும் எட்டியது அதைத் தொடர்ந்த ஆண்டுகளில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. சொந்த நிலத்தில் உழுதவருக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தெம்பு இருந்தது. நிலச் சீர்திருத்தம் பாதியில் நின்ற நாடுகளில் கல்வி எவ்வளவு தூரம் தனியாக இழுத்துப் போக முடியும் என்பதைப் பற்றி நீங்கள் பார்த்த கணக்குகளின் துணையோடு இன்னும் விரிவாக எழுதுங்கள். வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்